மூன்று மில்லிமீட்டர் கோணல்

வாழ்நாளில் ஒரு தடவையாவது என் மனைவியிடம் ஒரு பொய்யை முழுசாகச் சொல்லி முடிப்பது என்று நான் தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. என் பெரிய தீர்மானங்கள் எல்லாம் குளியலறையில் எடுக்கப்பட்டவைதான். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள எனக்கு அனுமதி உள்ள ஒரே அறை அது.

பொய்யும் ஒன்றும் பெரிய பொய் இல்லை. ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. மூன்றே வார்த்தை. மற்ற கணவன்மார்கள் இதை டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். என்னால் முடியாது. என் முகம் அப்படி.

பொய் சொல்லும்போது என் உதட்டின் இடது ஓரம் தானாக மேலே ஏறும். நான் ஏற்றுவதில்லை. அதுவாக ஏறுகிறது. பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்பேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "இடது பக்கம் ஒத்துக்கலையே" என்பாள். நான் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். ஒருமுறை கன்னத்தில் கை வைத்து மறைத்துக்கொண்டு பொய் சொல்லிப் பார்த்தேன். பல்வலி என்று சொல்லி என்னைப் பல் டாக்டரிடம் அழைத்துப்போய், நன்றாக இருந்த ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வைத்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகிறது. அந்தப் பல்லுக்குப் பிறகு நான் பேசியதெல்லாம் உண்மை. விரும்பி அல்ல.

எனக்கு என் மனைவியைப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு மறந்துவிடுவேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் முகத்தை அளந்து ஃப்ரேம் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. நாங்கள் முதலில் பார்த்துக்கொண்டதே அங்கேதான். கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். ஒரு சின்ன வெள்ளை ஸ்கேலை என் மூக்கின் மேல் குறுக்காக வைத்து, மிக அருகில் குனிந்து, "அசையாதீங்க" என்றாள். நான் மூச்சு விடவில்லை. "வலது கண்ணு மூக்கு நடுவுலேர்ந்து முப்பத்திநாலு, இடது முப்பத்தொண்ணு. மூணு மில்லிமீட்டர் வித்தியாசம்" என்று எழுதிக்கொண்டாள். ஒரு பெண் என்னைப் பற்றி ஏதோ எழுதிக்கொள்கிறாளே என்று எனக்கு மயக்கம் வந்துவிட்டது. அந்த மயக்கம் தெளிவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

இப்போது பொய்க்கு வருகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் ஒன்பது நாள் நாங்கள் அவள் அண்ணன் வீட்டுக்குப் போவோம். என் மச்சான் நீச்சல் பயிற்சியாளர். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் நீச்சல் குளத்திலிருந்துதான், விசிலிலிருந்து இல்லை. அது இன்னும் அவர் கழுத்தில் தொங்குகிறது. காலை ஐந்து மணிக்கு விசில். அரை மணி நேரத்தில் என்னைத் தரையில் குப்புறப் படுக்க வைத்து, தண்ணீர் இல்லாமலேயே நீச்சல் அடிக்கச் சொல்வார். கை கால் அசைவு பழகினால் போதுமாம், தண்ணீர் பிறகு வருமாம். அவருக்கு இரட்டைப் பெண்கள். வயது ஒன்பது. ஆளுக்கொரு வயலின் கற்றுக்கொள்கிறார்கள். ஒரே பாட்டுத்தான், ஆனால் ஒருத்தி முன்னால் போக இன்னொருத்தி பின்னால் வருவாள். அவர் மனைவிக்குக் காது சரியாகக் கேட்காது. அந்த வீட்டில் நிம்மதியாக இருப்பது அவர் ஒருவர்தான்.

இந்த வருஷம் அவள் மட்டும் போகட்டும், நான் வீட்டில் இருக்கிறேன் என்பதுதான் என் ஆசை. வேறு எந்த விஷமமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் எங்கள் வீட்டில் தனியாக ஒரு மத்தியானம் இருந்ததில்லை. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, முதலில் சோபாவின் கை, அப்புறம் தரை, அப்புறம் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு என்று மெதுவாக நகருமாம். அதை நான் பார்த்ததில்லை. அவள்தான் ஒரு தடவை ஜுரத்தில் படுத்திருந்தபோது பார்த்ததாகச் சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்த வெயிலின் மேல் ஒரு ஏக்கம். ஒன்பது நாள். ஒன்பது வெயில். நான் சோபாவில் படுத்திருப்பேன். திரைச்சீலை கொஞ்சம் உப்பி, கொஞ்சம் அடங்கும். ஃப்ரிட்ஜ் தனக்குத்தானே ஏதோ முனகிவிட்டு நிறுத்தும். என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இதை நினைத்தாலே எனக்குக் கண் சொருகிவிடும்.

வழி ஆபீஸில் கிடைத்தது.

குழந்தைகளுக்கான கார்ட்டூன் படங்கள் செய்யும் கம்பெனியில் பாத்திரங்களுக்கு முகம் செய்வது என் வேலை. புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். முகத்தை நேராக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தால் அதுவே ஒரு தலையைச் செய்து திரையில் வைத்துவிடும். தோல், சுருக்கம், காது மடல் எல்லாம் அச்சு அசல். எல்லாரும் பழகுவதற்காக அவரவர் தலையைச் செய்துகொள்ளும்படி மேலாளர் சொன்னார். நானும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போட்டோ எடுத்து, என் தலையைச் செய்தேன். திரையில் என் தலை மெதுவாகச் சுற்றியது. பின்பக்கம் நான் நினைத்திருந்ததைவிட வழுக்கை அதிகம். வருத்தமாக இருந்தது.

பக்கத்து சீட்டில் இருப்பவரை நாங்கள் எலும்பக்கா என்போம். நாங்கள் செய்யும் முகத்துக்கு உள்ளே எலும்பு வைத்து அதை அசைய வைப்பவர் அவர். என் தலையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஒரு பக்கம் எலும்பு வைத்தால் மறுபக்கம் தானாக வரும், என் முகமோ இரண்டு குடித்தனம் போல இருக்கிறது, ஒழுங்காகச் சமச்சீர் செய்து கொண்டா என்றார்.

அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. வலது பாதியை அப்படியே இடது பக்கமும் ஒட்டலாம். ஒட்டினேன். என் அப்பா வந்தார். இடது பாதியை வலது பக்கம் ஒட்டினேன். என் தாய்மாமா வந்தார். இருவரும் பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். என் மூக்கை எல்லையாக வைத்துக்கொண்டு ஒரே முகத்தில் குடியிருந்திருக்கிறார்கள். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

கடைசியில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, அளவை நூறு சதவீதத்துக்கு நகர்த்தினேன். கன்னங்கள் நகர்ந்தன. காதுகள் ஒரே மட்டத்துக்கு வந்தன. கோணலாக இருந்த மூக்கு தண்டனை வாங்கிய மாணவன் போல நேராக நின்றது. திரையில் ஒரு மகான் உட்கார்ந்திருந்தார்.

நானேதான். ஆனால் இந்த நான் வாழ்க்கையில் யாருக்கும் எதையும் மறைத்ததில்லை. இடது கன்னத்து மச்சம் மட்டும் இரண்டு கன்னத்திலும் வந்திருந்தது. வலது பக்கத்து மச்சத்தை அழித்தேன். கண்ணாடியில் பார்த்த பழக்கத்தில் பக்கம் மாறிவிடக்கூடாதே என்று விரலால் தொட்டுப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டுதான் அழித்தேன். இந்த மாதிரி விஷயத்தில் மாட்டிக்கொள்ள நான் என்ன அசடா? பிறகு என் கண்ணாடியைப் போலவே ஒன்று செய்து மாட்டினேன். அம்சமாக, நூல் பிடித்தது போல உட்கார்ந்தது.

இந்தத் தலையை வீடியோ காலில் நம் முகத்தின் மேல் பொருத்திக்கொள்ளலாம். நான் வாயைத் திறந்தால் அது வாயைத் திறக்கும். நான் சிரித்தால் அது சிரிக்கும். ஆனால், இதைத்தான் கவனிக்க வேண்டும், நான் உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கினால் அது அந்த அசைவை இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போட்டுவிடும். கேமராவின் முன்னால் உட்கார்ந்து, "நான் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன். இடது ஓரம் ஜிவ்வென்று ஏறியது. திரையில் அந்த மகான் மெல்லப் புன்னகை செய்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்னொரு வசதியும் இருந்தது. நாம் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் தலை பொம்மை போலத் தெரியக்கூடாது என்பதற்காக, அதுவே அவ்வப்போது கண் சிமிட்டி, மெதுவாகத் தலையை ஆட்டிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை மேலாளரின் வீடியோ கூட்டத்தில் நான் ஒரு மணி நேரம் அந்த மத்தியான வெயிலைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்தேன். என் தலை எனக்காக ஆடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் ஆழ்ந்து கவனித்ததாக மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அப்போதே எலும்பக்கா ஒரு வார்த்தை சொன்னார்: "அது எதுக்கு வேணாலும் ஆட்டும். தேவையில்லாதப்ப அணைச்சு வை." கேட்டுக்கொண்டேன். என் சொந்தத் தலையை ஆட்டியே கேட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் அவளுக்கு வீடியோ கால் போட்டேன்.

கடையில் கூட்டம் இல்லை போலிருக்கிறது. போனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் காலிக் கண்ணாடிகள். அத்தனையும் என்னையே பார்த்தன. நான் மகானை அணிந்துகொண்டிருந்தேன்.

"ஆபீஸ்ல லீவு கிடைக்கல" என்றேன்.

பார்த்தாள். நான் கண்டிராத அளவுக்கு நீண்ட நேரம் பார்த்தாள்.

"கிடைக்கலையா?"

"கிடைக்கல. அவசர வேலை."

"ஒன்பது நாளுமா?"

"ஒன்பது நாளும்."

"என்னங்க, ரொம்பப் பளிச்சுன்னு இருக்கீங்க?"

"இங்க லைட்டு அப்படி."

திரையில் ஒரு வெள்ளைக் குச்சி போல ஏதோ குறுக்கே வந்து என் பார்வையை மறைத்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். போனில் தூசி, தட்டிவிடுகிறேன் என்றாள். குச்சி விலகியது. அவள் முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம் இல்லை. இடது பக்கத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

"பரவாயில்லைங்க. வேலைதானே முக்கியம்" என்றாள்.

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக என் பொய் ஒன்று அந்தக் கரையைத் தொட்டுவிட்டது. எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. அவள் தொடர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் என்றாள், சனிக்கிழமை என்றாள், ரூம் என்றாள், சோபா என்று ஒரு வார்த்தையும் வந்தது. அந்த சோபாதான் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் அதில் படுத்துவிட்டேன். வெயில் அதன் கையில் இருந்தது. மெதுவாக இறங்கித் தரைக்கு வந்தது. திரைச்சீலை மூச்சு விட்டது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ துணியை உதறும் சத்தம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்களின் முதுகில் வெயில் ஒவ்வொன்றாக ஏறியது. அவள் குரல் தூரத்தில் குழாயில் தண்ணீர் ஓடுவது போல இதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அப்ப எல்லாம் சரிதானே?" என்று கேட்டபோதுதான் திரும்பி வந்தேன்.

"சரி" என்றேன். அவ்வளவு மனநிறைவோடு நான் எதற்கும் சரி சொன்னதில்லை.

வியாழக்கிழமை அவள் என் அறையின் அலமாரியைக் காலி செய்து பெட்டியில் அடுக்கினாள். போகிறவள் சுத்தம் செய்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியை நானே தூக்கி ஹாலில் வைத்தேன். இவ்வளவு கனமா என்று கேட்டேன். ஒன்பது நாள் இல்லையா என்றாள். அதுவும் உண்மைதான். அன்று அவள் என்னிடம் காட்டிய அன்புக்குக் கணக்கே இல்லை. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு உறுத்தியது. ஒரே நிமிஷம்தான்.

சனிக்கிழமை காலை அவசர வேலைக்குப் போவது போலக் கிளம்பினேன். லீவில் இருக்கிற நான் ஆபீஸுக்குப் போக முடியாது. பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அவள் பஸ் ஏறியிருப்பாள், ஊர் தாண்டியிருப்பாள் என்று ஒவ்வொரு கட்டமாக அவளை வழியனுப்பினேன். மத்தியானம் ஒரு மணி. வெயில் சோபாவின் கைக்கு வந்திருக்கும். எழுந்தேன். நடந்தேனா மிதந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள்.

வீட்டு வாசலில் இரண்டு ஜோடி சின்ன ஷூக்கள். ஒரே நிறம், ஒரே அளவு, சமச்சீராக.

இந்த ஷூக்கள் நமக்கு எதற்கு என்று யோசித்துக்கொண்டே கதவைத் தள்ளினேன். உள்ளே விசில் அடித்தது.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். சோபாவில் உட்கார்ந்திருந்தார். அந்த வெயில் அவருடைய வழுக்கையில் விழுந்துகொண்டிருந்தது. இரட்டைப் பெண்கள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு வலது பக்கம் பல் விழுந்திருந்தது, இன்னொருத்திக்கு இடது பக்கம். அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்து, நான் கேட்காத ஏதோ கேள்விக்குப் பதில் சொன்னார்.

சமையலறைக்குப் போனேன். அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவங்க எப்படி இங்க?"

"நீங்கதானே சரின்னீங்க."

"நானா? எப்ப?"

"புதன்கிழமை, வீடியோவுல. உங்களுக்கு லீவு கிடைக்கல, உங்களைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கும் மனசில்ல, அதனால அண்ணனை இங்க வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க."

அவள் டீயில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள்.

"உங்க ரூமை அவங்களுக்குக் கொடுத்துடலாமான்னேன். தலையாட்டினீங்க. உங்களுக்கு ஹால்ல பாய் போட்டா போதுமா, சோபா அண்ணனுக்கு இருக்கட்டுமான்னேன். அதுக்கும் ஆட்டினீங்க. குழந்தைங்க உங்க பக்கத்துல உட்கார்ந்து வயலின் வாசிக்கட்டுமான்னேன். கண்ணைச் சிமிட்டிட்டு ஆட்டினீங்க. காலையில அஞ்சு மணிக்கு அண்ணனோட மாடியில நீச்சல் அடிப்பீங்களான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் ரெண்டு தடவை."

அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடினேன். அது நான் இல்லை என்றால் பின்னே யார் என்று கேட்பாள். யார் என்று சொன்னால் எதற்கு என்று கேட்பாள். திரும்பவும் திறந்தேன். திரும்பவும் மூடினேன். ஹாலிலிருந்து வயலின்கள் தொடங்கின. ஒருத்தி முன்னால் போனாள்.

"ஆமாம்" என்றேன். "சொன்னேன். மறந்துட்டேன்."

என் உதட்டின் இடது ஓரம் கூரையைத் தொட்டது.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்து, என் கண்ணாடியைக் கழற்றி, அதன் ஒரு காலை லேசாக வளைத்துத் திரும்ப மாட்டினாள். வாரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்வாள். என் இடது காது கொஞ்சம் தாழ்வு, வளைத்துக் கொடுக்காவிட்டால் கண்ணாடி சாய்ந்துவிடும். சாஃப்ட்வேரில் நூல் பிடித்தது போல உட்கார்ந்திருந்த அந்தக் கண்ணாடி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குறுக்கே வந்த வெள்ளைக் குச்சியும் ஞாபகம் வந்தது.

"வலது முப்பத்திநாலு, இடது முப்பத்தொண்ணு" என்றாள். "புதன்கிழமை வந்தவருக்கு ரெண்டும் ஒரே அளவு. ஸ்கேல் வெச்சே பார்த்துட்டேன்."

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு ஸ்பூன் மினுங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல மனுஷன்தான் பாவம். கேட்டதுக்கெல்லாம் சரின்னாரு. ஆனா எனக்கு ஒத்துவராது. பதினாலு வருஷமா இந்தக் கோணலைப் பார்த்துப் பழகிட்டேன்." அவள் விரல் என் மூக்கின் மேல் ஒரு கணம் இருந்தது. முதன்முதலில் அந்த ஸ்கேலை வைத்த அதே இடம். நான் அன்று போலவே மூச்சு விடவில்லை. வெளியில் இரண்டு வயலின்களும் எப்படியோ ஒரு சுரத்தில் சேர்ந்து நின்றன. அந்த நிமிஷம் எனக்கு மச்சான் மேல்கூடக் கோபம் இல்லை. ஒன்பது நாள் என்ன, தொண்ணூறு நாள் இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

"லீவு கிடைக்கலன்னு அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கேன்" என்றாள், டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே. "அதனால ஒன்பது நாளும் நீச்சல் முடிஞ்சதும் ஒழுங்கா டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு அந்த அவசர வேலைக்குக் கிளம்பிடணும். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி வீட்டுக்கு வரக்கூடாது. சரிதானே?"

தலையை ஆட்டினேன். இந்தத் தடவை ஆடியது என் சொந்தத் தலை.